அம்மன் மரத்தில் ஒரு ஹேமக்

இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்கு முன்னால், பகல் ஒரு மணி வெயிலில், நாற்பத்தாறு வயதான நான் ஒரு வேப்பமரத்துக்கும் ஓர் அரசமரத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

பதறாதீர்கள். படுத்தபடிதான் தொங்கினேன்.

அங்கே போய் ஏன் தொங்கினேன்? காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமை. இதற்கு ஆர்வம், முயற்சி, தன்னம்பிக்கை என்று கௌரவமான பெயர்கள் எதையாவது ஒட்டலாமா என்று நாலு நாளாக யோசித்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. சுத்தமான, கலப்படமில்லாத வயிற்றெரிச்சல்.

பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுதாத நேரத்தில் நான் கோவில்பட்டி பஜாரில் கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்கிறவன். வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். இருபத்திரண்டு வருஷ வியாபாரம். லாரிக்குப் பாரம் கட்டுகிறவர், ஆட்டுக்குக் கிடை போடுகிறவர், கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர்... யாருக்குக் கயிறு வேண்டுமென்றாலும் என் கடைப் படிதான் ஏற வேண்டும். அப்படிப்பட்டவனுக்கே கயிறு கட்டச் சொல்லித்தர ஒருத்தர் வந்தால்?

வந்தார். என் சகலை ரமேஷ். என் மனைவி சரசுவின் தங்கை செல்வியைக் கட்டியவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, பத்து நாள் லீவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

ரமேஷ்மேல் எனக்குப் பொறாமை இன்று நேற்று வந்ததில்லை. அவர் கார் வாங்கியபோது வந்தது. கேமரா வைத்த செல்போன் வாங்கியபோது வந்தது. முப்பத்தெட்டு வயதில் தலையில் ஒரு நரைகூட இல்லையே என்று வாராவாரம் ஷேவ் பண்ணும்போது வருகிறது. மனுஷன் நல்லவர் வேறு. கெட்டவராக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டிக்கொண்டு கிடக்கலாம்.

அவர்களுக்கு ஒரே ஒரு குறை. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. மதுரை, சென்னை, பெங்களூர் என்று பார்க்காத டாக்டர் கிடையாது. செல்வி வந்தால் சொந்தக்காரர்கள் வீட்டு வளைகாப்புப் பத்திரிகைகளைச் சரசு எடுத்து பீரோவுக்குள் வைத்துவிடுவாள். அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

வந்த மறுநாள் காலையில் ரமேஷ் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தார். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதற்குள்ளிருந்து நீலத் துணி வந்தது... வந்தது... வந்துகொண்டே இருந்தது. பத்தடி நீளம்!

“இது ஹேமக், அண்ணாச்சி. கேம்பிங் போனா ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டிப் படுத்துக்கிடலாம். பாராசூட் துணி. ரெண்டு ஆளு கனம் தாங்கும்.”

எங்கள் வாசல் தூணுக்கும் காம்பவுண்டு வேம்புக்கும் நடுவில் அதைக் கட்டப் போனார். கட்டுகிற வேலைதானே, நாம் இருக்கும்போது அவர் ஏன் சிரமப்பட வேண்டும் என்று, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த நல்ல நைலான் கயிற்றை நீட்டினேன்.

“வேண்டாம் அண்ணாச்சி. கயிறு மரத்தை அறுத்துரும். இதுக்குன்னு பட்டையா ஒரு ஸ்ட்ராப் இருக்கு.”

கயிறு மரத்தை அறுத்துருமாம்! யாரிடம் சொல்கிறார் பாருங்கள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் வெளியே ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால், பதினோரு வயது என் மகள் பானு அதில் படுத்திருக்கிறாள். ரமேஷ் ஆட்டிவிடுகிறார். “இன்னும் உயரமா சித்தப்பா, இன்னும் உயரமா!” என்கிறாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவள் முகத்தில் எப்போது வரவழைத்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அதுதான் எரிந்தது. கார், செல்போன், கறுப்பு முடி எல்லாம் போகட்டும். இது என் பிள்ளை இல்லையா?

என்னைப் பார்த்ததும் பானு படுத்தபடியே கேட்டாள். “அப்பா, நம்ம கடையில இவ்வளவு கயிறு கெடக்கு. ஒரு நாளாவது எனக்கு இப்படி ஒண்ணு கட்டித் தந்திருக்கீங்களா?”

ரமேஷ் சிரித்தார். செல்வி சிரித்தாள். சரசுகூடச் சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. “ஞாயித்துக்கெழமை எல்லாரும் புளியந்தோப்புக்குப் போறோம்லா? அன்னைக்குப் பாரு. உங்க சித்தப்பா ஹேமக்கும் தொங்கட்டும், உங்க அப்பா ஹேமக்கும் தொங்கட்டும். எதுல படுக்கணும்னு நீயே சொல்லு.”

“நீங்களே செய்வீங்களா? சும்மா சொல்லாதீங்கப்பா.”

“நானேதான் செய்யுதேன்.”

சொன்ன கிழமை திங்கள். இடையில் ஆறு நாள். ஹேமக் என்ற வார்த்தையையே நான் அன்று காலையில்தான் கேட்டிருந்தேன் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்து, ஒரு சணல் கயிற்றால் ரமேஷின் ஹேமக்கை நீளம் அகலம் அளந்து, அளவுக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன். என் வீட்டு வாசலில் நானே திருடன் மாதிரி தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. தேவையா இது?

பாராசூட் துணிக்கு எங்கே போவது? தறிக்காரர் ஒருவரிடம் கெட்டிக் காடாத் துணி வாங்கி இரண்டு மடிப்பாகப் போட்டேன். தையல் மிஷினில் கொடுத்தால் சரசுவுக்குத் தெரியும், சரசுவுக்குத் தெரிந்தால் செல்விக்குத் தெரியும். ஆகவே கோணி ஊசிதான். மதியம் கடையில் ஆள் குறைந்ததும் கல்லாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். சாக்குத் தைத்துப் பழகிய கை. ஆனால் சாக்குத் தைக்கும்போது இவ்வளவு கோபமாகத் தைத்ததில்லை. மூன்று இடத்தில் விரலில் ஏற்றிக்கொண்டேன்.

புதூர்ப் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருத்தர் தார்ப்பாய் வாங்க வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டார். “என்ன அண்ணாச்சி, யாரு மாடாச்சும் கெணத்துல விழுந்துட்டா?”

“ஏன் கேக்கீக?”

“இல்ல, மாட்டத் தூக்கத்தான தைக்கீக?”

என்ன பதில் சொல்வது? மாடு இல்லை, நான்தான் என்றா? “ஆமா ஆமா” என்று தலையாட்டி அனுப்பினேன்.

புதன்கிழமை தைத்து முடித்தாயிற்று. இரண்டு முனையிலும் துணியைக் கொசுவி, வடக் கயிறு கோர்த்து இறுக்கினேன். வியாழக்கிழமை மதியம் கடை குடோனில் முதல் சோதனை. ஒரு முனை ஜன்னல் கம்பியில், ஒரு முனை எதிர்ச் சுவரில் இருந்த இரும்புக் கொக்கியில்.

இங்கேதான் இருபத்திரண்டு வருஷ அனுபவம் என்னைக் கவிழ்த்தது. கயிற்றுக் கடைக்கு வருகிற எவரும் கேட்கிற ஒரே கேள்வி என்ன தெரியுமா? “தொய்யாம நிக்குமா அண்ணாச்சி?” கொடி கட்டினாலும் கட்டில் பின்னினாலும் பாரம் கட்டினாலும், தொய்ந்தால் அவமானம். என் கைக்குத் தெரிந்த ஒரே வித்தை இழுத்துக் கட்டுவது. சுவரில் காலை ஊன்றி இழுத்தேன். விரலால் சுண்டினால் ‘டங்’ என்று சத்தம் வருகிற அளவுக்கு இழுத்தேன். ரமேஷுடையது நடுவில் குழிந்து தொய்ந்து கிடந்ததே, என்னுடையது எப்படி நிற்கிறது பார் என்று ஒரு பெருமிதம் வேறு.

அப்புறம் ஏறிப் படுத்தேன்.

படுத்தேனா? அந்த நேரத்தை அளக்கக் கடிகாரம் கிடையாது. முதுகு பட்டதும் அது ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்தது நான் சிமெண்டுத் தரையில், முகம் கீழே. ஹேமக் மேலே தேமே என்று நிற்கிறது, தொய்யாமல். மறுபடியும் ஏறினேன். மறுபடியும் தரை. மூன்றாம் தடவை இடுப்பில் அடி. தரையில் கிடந்தபடி பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. ஆள் உள்ளே கிடக்கக் குழி வேண்டாமா? அது தொய்ந்தால்தானே கிடைக்கும்!

ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை முழம் தளர்த்தினேன். அதைச் செய்யும்போது என் கையே என்னைத் திட்டியது. ஆனால் படுத்தால்... ஆஹா! துணி இரண்டு பக்கமும் எழும்பி என்னைப் பிடித்துக்கொண்டது. குடோன் கூரையைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். வாங்க ரமேஷ், ஞாயித்துக்கிழமை வாங்க!

ஆனாலும் ஜன்னல் கம்பி வேறு, மரம் வேறு. மரத்தில் கட்டிப் பார்க்காமல் தோப்பில் அவர் முன்னால் குப்புற விழுந்தால் அப்புறம் நான் ஊரில் இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை கடையை மதியம் சாத்திவிட்டு, ஹேமக்கை ஒரு சாக்கில் திணித்து, மொபெட்டில் பசுவந்தனை ரோட்டில் கிளம்பினேன்.

கரிசலில் இரண்டு மரம் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மரம் கிடைக்கும். அடுத்தது அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும். சேர்ந்து நிற்பது வேலிக்கருவைதான். அதில் கட்டினால் படுக்கலாம், எழுந்திருக்கும்போது உடம்பில் பாதி முள்ளாக இருக்கும். ஓர் இடத்தில் பனை இரண்டு பக்கம் பக்கமாக நின்றது. நடுவில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. விழுந்தால் கால் வெடிப்புக்குள் போய்விடும். அதுவும் வேண்டாம்.

அப்புறம்தான் அந்த அம்மன் கோவில் தட்டுப்பட்டது. மெயின் ரோட்டை விட்டு உள்ளே, காட்டுக்கு நடுவில் தனியாக. கதவு சாத்தியிருந்தது. முன்னால் ஒரு வேம்பு, ஓர் அரசு. நடுவில் சரியாகப் பன்னிரண்டடி. அளந்து வைத்த மாதிரி! யாரும் இல்லை. மளமளவென்று கட்டினேன். தொய்வாக. ஏறிப் படுத்தேன்.

தாங்கியது. காற்று வேறு அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்க ஆரம்பித்தேன். பானு என் ஹேமக்கில் படுக்கிறாள், “இதுதான் நல்லா இருக்கு சித்தப்பா” என்கிறாள், ரமேஷ் முகம் சுண்டுகிறது... அந்த இடத்தில் தூங்கிவிட்டேன்.

“யாருலே அது? அம்மன் மரத்துல ஏறிப் படுத்துக் கெடக்கது?”

கண்ணைத் திறந்தால் சுற்றிலும் ஆடு. நடுவில் கம்போடு ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். கம்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பத் தயாரான நிலையில் இருந்தார். பதறி இறங்கினேன். இறங்கியபோதுதான் வேம்பின் பின்பக்கக் கிளைகளைப் பார்த்தேன். மஞ்சள் துணியில் குட்டிக் குட்டியாகத் தொட்டில்கள். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. இருபது முப்பது இருக்கும். மரம் தேடி வந்த என் கண்ணுக்கு அடிமரத்தைத் தவிர எதுவுமே படவில்லை.

“வேட்டியக் கட்டிக்கிட்டு, பெரிய மனுசன் மாரி இருக்கீரு. சாமி மரத்துல வந்து உறங்குதீரே, வெக்கமா இல்ல?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘அம்மா, என் சகலை அமெரிக்காவிலிருந்து ஒன்று கொண்டுவந்தார், என்னால் தாங்க முடியவில்லை, அதனால் நானும் ஒன்று செய்தேன்.’ ஒரு வாக்கியம்தான். ஆனால் அந்தக் கம்புக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“உறங்கலக்கா... இது வேண்டுதல் தொட்டில். கனம் தாங்குமான்னு பாத்தேன்.”

அந்த அம்மாள் ஹேமக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். “இம்புட்டுப் பெரிய தொட்டிலா? யாருக்கு?”

யாருக்கு? என் வாய் முந்திக்கொண்டது. “எங்க கொழுந்தியாளுக்கு. கல்யாணமாகிப் பதினோரு வருசமாச்சு.”

கம்பு கீழே இறங்கியது. முகமே மாறிவிட்டது. “பதினோரு வருசமா? பாவமே! அவ பேரு என்னய்யா?”

“செல்வி.”

பேச்சியம்மாள் என்று தன் பெயரைச் சொன்னார். மளமளவென்று காரியத்தில் இறங்கினார். கீழே தேடி ஒரு உருண்டைக் கல்லை எடுத்தார். இடுப்பில் செருகியிருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். கோவில் வாசல் மாடத்திலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்து அதற்குப் பூசினார். நான் சற்றுமுன் குறட்டை விட்ட இடத்தில், நடுக் குழியில், அதைக் கொண்டுபோய் வைத்தார். பிள்ளையைக் கிடத்துகிற மாதிரியே வைத்தார். கண்ணை மூடினார்.

“ஆத்தா... செல்விக்கு ஒரு உசுரக் குடு தாயே. பொறக்கப்போற பிள்ளைக்கு இடம் பத்தாதுன்னு இவுக எம்புட்டுப் பெருசாக் கட்டியிருக்காக பாரு. நெறையக் குடு.”

முடிச்சுப் பக்கம் மெல்லக் கையைக் கொண்டுபோனேன்.

“சரிக்கா... அப்ப நான் இத அவுத்து...”

“அவுக்கவா?” பேச்சியம்மாள் கண் விரிந்தது. “கட்டுன தொட்டில அவுப்பாகளா? பிள்ள பொறந்து, ஆத்தாளும் அப்பனும் அதத் தூக்கிட்டு வந்து அவுக்கணும். வேற கை படக் கூடாது. நான் தெனமும் இங்கனதான் ஆடு பத்திட்டு வாரேன். ஒருத்தரும் தொடாம நான் பாத்துக்கிடுதேன். நீங்க நிம்மதியாப் போங்க.”

நிம்மதியாகப் போனேன். எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையில் மறுபடியும் போனேன். எதற்கு? அவிழ்க்கத்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மடியில் கத்தி வைத்திருந்தேன். முடிச்சை அவிழ்க்க நேரமில்லாவிட்டால் அறுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று. என் பிள்ளை முன்னால் நான் ஜெயிப்பதா, முன்பின் தெரியாத யாரோ வைத்த கல்லா? பேச்சியம்மாள் எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தார். என் ஹேமக்குக்குக் கதம்பம் சுற்றியிருந்தது. “வந்துட்டீகளா? மனசு கேக்கலையாக்கும்? கொழுந்தியாளக் கூட்டிட்டு வாங்க. அவ கையால ஒரு தரம் ஆட்டிட்டுப் போகட்டும்.”

திரும்பி வந்தேன். ஒரே நாளில் இன்னொன்று தைக்க முடியுமா? விரலில் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரமேஷ் காரில் தோப்புக்குப் போனோம். புளியோதரை, வடகம், தண்ணீர்க் கேன் எல்லாம் இறங்கின. நீல ஹேமக் இரண்டு நிமிஷத்தில் தொங்கியது. பானு அதில் ஏறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் எதிரில் நின்றாள்.

“உங்களோடது எங்கப்பா?”

“வந்து... அது...”

“இவங்க செய்யலத்தா,” என்றாள் சரசு. “செஞ்சேன்னு விரல்ல துணி மட்டும் சுத்திக்கிட்டுத் திரியுதாக.”

ரமேஷ் தன் ஹேமக்கில் ஏறிப் படுத்துக்கொண்டு காலை ஆட்டினார். “என்ன அண்ணாச்சி, அந்து போச்சா? அதான் அப்பவே சொன்னேன், கயித்துல எல்லாம் இது சரிப்படாது.”

விளையாட்டாகத்தான் சொன்னார். பானு முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் பக்கம் போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“அந்து போகல,” என்றேன் சத்தமாக. “பசுவந்தனை ரோட்டுல ஒரு அம்மன் கோவில்ல கட்டிட்டேன். வேண்டுதல் தொட்டிலா. செல்விக்காக.”

இதை நான் அன்பாகச் சொல்லவில்லை. வார்த்தை அன்பானது, எறிந்த வேகம் வேறு. அவர் வாயை அடைக்க என்ன கிடைக்கும் என்று தேடினேன். கையில் கிடைத்தது அவர்களுடைய பதினோரு வருஷம். அதை எடுத்து எறிந்தேன்.

வாய் அடைபட்டது. ரமேஷின் கால் ஆட்டம் நின்றது. வடகப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்த செல்வி மூடியைக் கீழே வைத்தாள். “நெசமாவா அத்தான்? உங்க கையாலயா தச்சீங்க?” என்றாள்.

சரசு என் விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது. இனி எப்படி இல்லை என்பேன்?

சாப்பாட்டை அப்படியே கட்டி வைத்துவிட்டு எல்லோரும் கோவிலுக்குப் போனோம். பேச்சியம்மாள் தூரத்திலேயே பார்த்துவிட்டார். “இவதானா? வா தாயீ, வா. உங்க அத்தானுக்குப் பொறுக்கல பாத்துக்க. கட்டிட்டு, மறுநா விடியக்காலமே மறுபடியும் வந்து பாத்துட்டுப் போறாரு!”

செல்வி துணியைப் பிடித்து ஒரு தரம் ஆட்டினாள். நின்றதும் இன்னொரு தரம் ஆட்டினாள். சத்தமில்லாமல் அழுதுகொண்டே ஆட்டினாள். பானு போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

ரமேஷ் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். “அண்ணாச்சி, பதினோரு வருசத்துல எல்லாரும் ‘விசேஷம் உண்டா’ன்னு கேட்டிருக்காங்க. ‘எந்த டாக்டர்’னு கேட்டிருக்காங்க. எங்களுக்காக ஒருத்தரும் இப்படி ஒண்ணு செஞ்சதில்ல.” பானு நின்ற பக்கம் பார்த்தார். “நெசத்தச் சொல்லுதேனே. பானு உங்கள அப்பான்னு கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவள ஆட்டிவிடும்போதுகூட செல்வி பக்கம் திரும்ப மாட்டேன், அவ மொகத்தப் பாக்க முடியாது. உங்க மேல எனக்கு அவ்வளவு பொறாமை அண்ணாச்சி. மன்னிச்சுக்கிடுங்க.”

தன் பொறாமையை அவர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். என்னுடையதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்குமா? நான் என்ன செய்தேன்? அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். “விடுங்க ரமேஷ்” என்றேன். பெரிய மனுஷன் மாதிரி!

ஊருக்குக் கிளம்பும்போது அந்த நீல ஹேமக்கைச் சின்னப் பையோடு என் கையில் வைத்தார். “உங்களோடத எங்களுக்காகக் குடுத்துட்டீங்க. இது உங்களுக்கு.” வாங்கிக்கொண்டேன். பானு இப்போது தன் சிநேகிதிகளிடம் சொல்கிறாளாம், “எங்கப்பா சித்திக்காகக் கையெல்லாம் குத்திக்கிட்டுத் தச்சாங்க.” சரசு இரண்டு வாரமாக எனக்கு மட்டும் தனியாக நெய் விடுகிறாள். செல்வி பெங்களூரிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் போன் பண்ணி, “அத்தான் சாப்டாச்சா?” என்கிறாள்.

ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. நீலத் துணியும் கிடைத்தது, பிள்ளையின் பெருமையும் கிடைத்தது, ரமேஷுக்கு என்மேல் பொறாமையும்கூட. ஒரு மதியம் குடோனில் அதைக் கட்டிப் படுத்தேன். சுகமாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். திருடின சாமானில் எத்தனை நேரம் படுப்பது?

ஆகவே செல்வி, ரமேஷ்... நீங்கள் இருவரும் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் உங்களுக்காக வேண்டிக்கொண்டு அதைத் தைக்கவில்லை. ரமேஷை ஜெயிக்கத் தைத்தேன். பேச்சியம்மாள் கம்புக்குப் பயந்து உன் பெயரைச் சொன்னேன் செல்வி. தோப்பில் சொன்னது அதைவிடக் கேவலம். நீல ஹேமக்கை நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன். நான் கூப்பிட்டால் போனை எடுக்காமல் இருந்தாலும் சரி, எடுத்துத் திட்டினாலும் சரி.

நேற்று மதியம் அந்தக் கோவிலுக்குப் போயிருந்தேன். பேச்சியம்மாள் ஆடுகளோடு தூரக் காட்டில் இருந்தார். சுற்றிலும் யாரும் இல்லை. அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தால் கேட்க ஆள் கிடையாது. இரண்டு வாரக் காற்றில் அரசமரத்துப் பக்கம் கயிறு கொஞ்சம் இறங்கியிருந்தது. கல் ஒரு பக்கமாக உருண்டு கிடந்தது. அதை நடுவில் எடுத்து வைத்தேன். கயிற்றை ஏற்றி, இன்னொரு முடிச்சுப் போட்டேன். போடும்போது உன் பெயரைச் சொன்னேன் செல்வி. கம்போடு யாரும் எதிரில் நிற்கவில்லை.

முதல் முடிச்சு பொய். இரண்டாவது முடிச்சு உனக்குத்தான்.